பாய் விரிக்கும் பாசி

டில்லியில் ஆடி மாதத்து மழை நான்கு நாள் விடாமல் பெய்தால், நம் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் நிழற்புறம் பச்சை பூத்து விடுகிறது. கோடை வெயிலில் கறுத்துச் சுருண்டு, அழுக்கோ என்று எண்ணும்படி ஒட்டிக் கிடந்த பொருள், ஈரம் பட்டதும் உயிர் பெற்று எழுகிறது. வீட்டுக் குழந்தை அதைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்கிறது. "பாசி" என்கிறோம். குழந்தை அத்துடன் அமைதியடைந்து விளையாடப் போய்விடுகிறது. விடை சொல்லிவிட்டோம் என்ற திருப்தியோடு நாமும் நம் வேலையைப் பார்க்கிறோம். ஆனால் உண்மையில் விடை சொல்லிவிட்டோமா என்பதைச் சற்று நின்று சிந்திப்போம்.

பாசி என்ற சொல்லைத் தமிழர்களாகிய நாம் மிகத் தாராளமாகவே வழங்கி வருகிறோம். குளத்து நீரின் மேல் பச்சையாய்ப் படர்வதும் பாசி. கிணற்றுப் படியில் கால் வழுக்கச் செய்வதும் பாசி. மழைக்காலச் சுவரில் பட்டு விரித்தாற்போல் வளர்வதும் பாசி. மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் கடலில் மூழ்கிப் பெண்கள் சேகரித்து வருவது கடற்பாசி. செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்காகத் தாளிப்பில் சேர்ப்பது கல்பாசி. குளத்தடியில் வேரூன்றி வளரும் பூக்கும் செடியொன்றையும் வேலம்பாசி என்கிறோம். பெயர் ஒன்றாயிருப்பதால் இவையெல்லாம் ஒரு குலத்தைச் சேர்ந்தவை என்று எண்ணினால் ஏமாந்து போவோம்.

குளத்துப் பாசியும் கடற்பாசியும் வேர், தண்டு, இலை என்ற பகுப்பு இல்லாத நீர்வாழ் இனங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886-1963) தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றது இவற்றைத்தான். கல்பாசியோ தனிச் செடியே அன்று. ஒரு காளானும் நுண்ணிய பாசியும் கூடி ஒரே உடலாய் வாழும் அதிசயக் கூட்டுக் குடித்தனம் அது. டில்லிக் கடைகளில் அதையே 'பத்தர் கே பூல்', அதாவது கல்லின் பூ, என்று கேட்டு வாங்க வேண்டும். நாம் பாசி என்கிறோம். இந்தி பேசுவோர் பூ என்கின்றனர். அது பாசியும் அன்று, பூவும் அன்று. வேலம்பாசியோ பூத்து விதை விடுவதால் தாமரைக்கும் நெல்லுக்கும் உறவே அன்றிப் பாசிக்கு உறவன்று.

எஞ்சியிருப்பது நம் மாடிச் சுவரில் எழுந்த பச்சை. அதற்குச் சின்னஞ்சிறு தண்டு உண்டு. அதில் இலைகள் உண்டு. பூவும் விதையும் மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் 'மாஸ்' என்று வழங்கும் இவ்வகையைப் பற்றியே இங்கு நாம் பேசப்போகிறோம். இனிமேல் பாசி என்று வருமிடமெல்லாம் இதனையே கொள்க.

பெயர் ஒன்று, குலம் பல என்னும் இந்தச் சங்கடம் வெளிமாநிலங்களில் வாழும் நமக்குப் புதிதன்று. டில்லிக்கு வந்த தமிழன், ஆந்திரன், கன்னடன், மலையாளி ஆகிய எல்லோரையும் 'மதராசி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இன்றும் அது முற்றும் மறைந்துவிடவில்லை. அழைப்பவரிடம் பெரும்பாலும் பகைமை ஏதும் இருப்பதில்லை. தொலைவிலிருந்து பார்க்கிறவருக்கு நாம் எல்லோரும் ஒரே சாயலாகத் தோன்றுகிறோம், அவ்வளவுதான். நெருங்கிப் பழகியவருக்கே மொழியும் ஊரும் உறவும் வேறு வேறு என்பது புலப்படுகிறது. தாவர நூலிலும் நடந்தது இதுவே. அதற்குத் தக்க சான்றாக விளங்குவது 'ஹிப்னம்' என்ற பாசிப் பேரினத்தின் வரலாறு.

அதற்கு முன் பாசியின் உடலமைப்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. மெல்லிய வேரிழைகள் உண்டு. அவை பெரும்பாலும் பற்றிக்கொள்ள உதவுகின்றனவேயன்றி, மரத்தின் வேர்போல் ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சித் தருவதில்லை. மழையும் பனியும் காற்றின் ஈரமும் மேலே படும்பொழுது இலைகளே நேராக நீரைப் பருகுகின்றன. ஈரம் போய்விட்டால் செடி சுருண்டு உலர்ந்து உறங்குகிறது. நீர் பட்டால் மீண்டும் விரிகிறது. நம் மாடிச் சுவரில் நாம் கண்ட அதிசயத்தின் காரணம் இதுவே. ஆண் அணுக்கள் நீர்ப் படலத்தில் நீந்திச் சென்றே பெண் அணுவைச் சேர வேண்டும். அச்சேர்க்கையின் பயனாக, தாய்ச் செடியின் மேலேயே மெல்லிய காம்பு ஒன்று எழுந்து, அதன் நுனியில் சிறு குடுவை போன்ற வித்துப்பை தோன்றுகிறது. அதன் மூடி திறந்ததும் தூள் போன்ற வித்துக்கள் காற்றில் பறக்கின்றன.

இக்காம்பு செடியின் எவ்விடத்திலிருந்து எழுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். டில்லிச் சுவர்களில் காணும் ஹையோஃபிலா, மழைக்கால மண்ணில் தோன்றும் ஃபுனேரியா முதலியவற்றில் தண்டு நிமிர்ந்து நிற்கிறது. அதன் உச்சியிலிருந்தே வித்துப்பையின் காம்பு எழுகிறது. இவை நெருங்கி வளரும்போது சிறு மெத்தைபோலவும் புல்தரைபோலவும் காட்சி தருகின்றன. வேறு சில பாசிகளிலோ தண்டு தரையோடு தரையாய் ஊர்ந்து, இரு புறமும் கிளைவிட்டு, ஒன்றோடொன்று பின்னிப் பாய்போல் படர்கிறது. காம்பும் நுனியிலிருந்து எழாமல், பக்கத்துக் குறுங்கிளைகளிலிருந்து எழுகிறது. நுனி அடைபடாததால் தண்டு மேலும் மேலும் நீண்டுகொண்டே போகலாம். பாயும் அகன்றுகொண்டே போகலாம்.

டில்லியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையில் பெய்து தீர்ந்துவிடுகிறது. மற்ற மாதங்களின் வறட்சியில் பெரும் பாய்களை விரித்து வாழ்வது எளிதன்று. ஆதலால் நல்ல பாய்ப்பாசிகளைக் காண விரும்புவோர் மலையேற வேண்டும். டில்லியிலிருந்து இரவு புறப்பட்டால் விடியலில் இமயத்தின் அடிவாரத்தை அடையலாம். அங்கிருந்து முசோரிக்கோ நைனிதாலுக்கோ ஏறி, ஓக் மரங்களும் தேவதாருவும் நிற்கும் காட்டுச் சரிவில் நடந்தால், பாறையும் வேரும் விழுந்த மரமும் தெரியாதபடி பச்சைப் பாய் போர்த்திருப்பதைக் காண்போம். அப்பாயைச் சிறிது பிரித்துப் பார்த்தால், ஒரே பாசி என்று நினைத்த இடத்தில் பல பாசிகள் கலந்திருப்பது தெரியும். அவற்றுள் ஒன்று ஹிப்னம்.

ஹிப்னம் என்ற பெயரை உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புபடுத்திக் கூறுவர். ஐரோப்பியக் குடியானவர்கள் இப்பாசியை உலர்த்தித் தலையணையிலும் மெத்தையிலும் திணித்து வந்தனர். நாம் இலவம் பஞ்சை நம்பியதுபோல் அவர்கள் பாசியை நம்பினர் போலும். இப்பேரினத்தின் தலைமைச் சிற்றினம் 'ஹிப்னம் குப்ரெஸ்ஸிஃபார்மே'. சைப்ரஸ் மரக் கிளையின் சாயலுடையது என்று பொருள். அதன் இலைகள் அரிவாள்போல் வளைந்து, எல்லாம் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து, ஒன்றன்மேலொன்று படிந்திருப்பதால், கிளை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவி வாரிப் பின்னிய சடைபோல் தோன்றும். கைப் பூதக்கண்ணாடி ஒன்று இருந்தாலே இவ்வழகைக் காணலாம்.

இப்பெயர் வளர்ந்த கதையைக் கேட்போம். 1741-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் டில்லேனியஸ் என்ற அறிஞர் பாசிகளின் வரலாறு என்ற பெயரில் ஒரு பெருநூலை வெளியிட்டார். உண்மையில் அந்நூலில் மாஸ் வகைகள் மட்டுமல்ல. கல்பாசியின் இனத்தவையும் நீர்ப்பாசிகளும் இடம்பெற்றிருந்தன. ஆகவே எல்லாவற்றையும் பாசி என்று அழைக்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அக்கால ஐரோப்பியப் புலமையும் அந்நிலையில்தான் இருந்தது. 1753-இல் லின்னேயஸ் தாவரங்களுக்கெல்லாம் இருசொற் பெயர் வழங்கியபோது ஹிப்னத்தையும் ஒரு பேரினமாக வைத்தார். முதற் சொல் பேரினம், அடுத்த சொல் சிற்றினம் என்பது அவர் வகுத்த முறை. நம் பெயரோடு ஊர்ப் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து நம்மை அடையாளம் காட்டுவதுபோல, இரு சொற்கள் சேர்ந்து ஒரு செடியைக் காட்டுகின்றன. ஆனால் பாசிகளின் நுண்ணிய உறுப்புக்களை லின்னேயஸ் நன்கு அறிந்திருக்கவில்லை. விளக்கம் தேவைப்பட்ட இடத்தில் அவருக்குக் கிடைத்தது வெளித்தோற்றம் ஒன்றே.

அக்குறையைப் போக்கியவர் யோஹான் ஹெட்விக். 1730-இல் பிறந்த இவர் தொழிலால் மருத்துவர். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, எஞ்சிய பொழுதில் உருப்பெருக்கியின் முன் அமர்ந்து பாசிகளை ஆராய்ந்தார். பாசியின் ஆண் உறுப்பு எது, பெண் உறுப்பு எது என்பதைத் தெளிவாகக் காட்டினார். வித்துப்பையின் மூடி விழுந்ததும் வாயைச் சுற்றி வரிசையாய் நிற்கும் நுண்ணிய பற்களைக் கொண்டு பாசிகளை வகைப்படுத்தினார். 1799-இல் அவர் மறைந்தார். அவருடைய முதன்மையான நூல் 1801-இல் வெளியாயிற்று. பாசிகளின் முறையான பெயர்கள் அந்நூலிலிருந்தே தொடங்கும் என்பது தாவரவியலாரின் அனைத்துலக விதி. ஸ்ஃபேக்னம் என்ற சதுப்புநிலப் பாசிக் குடும்பம் ஒன்றே அதற்கு விலக்கு.

எனினும் ஹெட்விக்கின் நூலிலும் ஹிப்னம் ஒரு தர்ம சத்திரமாகவே இருந்தது. தரையில் படர்வது, கிளைவிடுவது, பக்கத்திலிருந்து காம்பு எழுவது என்ற பொது அடையாளம் உடையவை பலவும் அங்கே தங்க இடம் பெற்றன. பெரணி இலைபோல் அழகாகப் பிரியும் தூயிடியம் அப்பொழுது ஹிப்னம். அடுக்கடுக்காய் வளரும் ஹைலோகோமியமும் ஹிப்னம். பிராக்கிதீசியத்தில் இன்று சேரும் பலவும் ஹிப்னமே. மலைநாட்டுப் பாசிகளைச் சேகரித்தவர்கள் இந்தியாவிலிருந்து அனுப்பிய பொதிகளிலும், பாய்போல் படர்ந்தவை பலவற்றுக்கு இப்பெயரே எழுதப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஷிம்பரும் அவருடைய துணைவர்களும் ஐரோப்பியப் பாசிகளை ஒன்றுவிடாமல் படம் எழுதி ஆராய்ந்தனர். 1836 முதல் 1855 வரை பகுதி பகுதியாய் வெளிவந்த அப்பெருநூலில் ஹிப்னத்தின் பாகப்பிரிவினை தொடங்கிற்று. இலையின் நடுநரம்பு நீண்டதா, குறுகியதா, இரண்டாய்ப் பிரிந்ததா, இல்லவே இல்லையா? இலையடியின் இரு மூலைகளிலும் உள்ள உயிரணுக்கள் மற்றவற்றினின்று வேறுபட்டனவா? வித்துப்பை நிமிர்ந்ததா, சாய்ந்ததா? இவ்வகைக் கேள்விகளைக் கேட்டுக் கேட்டு, தூயிடியம், ஹைலோகோமியம், பிராக்கிதீசியம் முதலியவற்றைத் தனிக்குடித்தனம் அனுப்பினர்.

கூட்டுக் குடும்பம் பிரியும்போது பரம்பரைப் பெயர் யாருக்கு என்ற கேள்வி எழும் அல்லவா? தாவரவியலார் அதற்கு ஒரு நியாயமான விதி வகுத்துள்ளனர். ஒவ்வொரு பேரினப் பெயரும் ஒரு சிற்றினத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். அச்சிற்றினம் எங்கே போகிறதோ அங்கேயே பெயரும் போகும். ஹிப்னம் என்ற பெயர் குப்ரெஸ்ஸிஃபார்மேயுடன் பிணைக்கப்பட்டது. அதற்கு உண்மை உறவினர் எவையோ அவையே இனி ஹிப்னம். மற்றவை எத்தனை ஆண்டு அப்பெயரில் வாழ்ந்திருந்தாலும் வேறு பெயர் தேட வேண்டியவையே.

ஆனால் உண்மை உறவினர் யார் என்பதை அறிவது எளிதாயிருக்கவில்லை. குப்ரெஸ்ஸிஃபார்மேயே பெரும் பச்சோந்தி. மரப்பட்டையில் நூல்போல் மெலிந்து வளரும். வெட்டவெளியில் தடித்துப் பருத்து நிற்கும். நிழலில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். இவ்வேறுபாடுகளில் எவை இடத்தால் வந்தவை, எவை பிறப்பால் வந்தவை என்று அறிஞர்கள் மயங்கினர். வகை என்று கருதப்பட்ட ஒன்று ஆராயும்போது தனிச் சிற்றினமாயிற்று. 1969-இல் தனிப்பெயர் பெற்ற ஹிப்னம் ஜூட்லாண்டிக்கம் அத்தகையது. ஜப்பானில் ஹிசத்சுகு ஆண்டோ என்ற அறிஞர் இந்த ஒரு பேரினத்துக்கே பல பத்தாண்டுகள் உழைத்து, தொடர் கட்டுரைகளாக அதன் சிற்றினங்களை விளக்கினார். அவர் நினைவாக ஹிப்னம் ஆண்டோயி என்று ஒரு பாசிக்கு 1981-இல் பெயர் சூட்டப்பட்டது.

இதன் பின் வந்தது மரபணுக் காலம். செடியின் டி.என்.ஏ. எழுத்து வரிசையைப் படித்து, எது எதற்கு நெருங்கிய உறவு என்று கணிக்கும் முறை கைவந்தது. 2019-இல் செக் நாட்டு அறிஞர் யான் குச்சேராவும் அவருடன் உழைத்தவர்களும் ஹிப்னத்தின் உறவுமுறையை இம்முறையில் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். ஹிப்னம் என்ற பெயரில் அதுவரை எஞ்சியிருந்தவைகூட ஒரே குலத்தைச் சேர்ந்தவை அல்ல என்பது உறுதிப்பட்டது. வளைந்து ஒருபுறம் சாய்ந்த இலை, குறுகிய இரட்டை நரம்பு, பாய்போல் படரும் பழக்கம் ஆகிய அடையாளங்கள் வெவ்வேறு குலங்களில் தனித்தனியே, பலமுறை தோன்றியிருக்கின்றன. ஒரே வகை நிலத்தில் ஒரே வகை வாழ்வு வாழ்பவை, உறவில்லாமலே ஒரே சாயலைப் பெற்றுவிடுகின்றன. வடநாட்டுக் குளிரில் நாமும் கம்பளிச் சட்டையும் மப்ளரும் அணிந்து நின்றால் பஞ்சாபியரோடு பஞ்சாபியராய்த் தோன்றுவோம். அதனால் நாம் பிறந்த ஊர் மாறிவிடுமா?

இவ்வாறு பிரிந்தவற்றுள் ஒன்று நமக்குச் சுவையானது. கிழக்கு ஆசியாவில் மிகுதியாய் வளரும் பொன்னிறம் கலந்த பாய்ப்பாசி ஒன்று ஹிப்னம் பேரினத்தில் இருந்தது. இன்று அதன் பெயர் கலோஹிப்னம் ப்ளூமிஃபார்மே. அழகிய ஹிப்னம், இறகு வடிவினது என்று பொருள். அண்டையில் வளரும் பிற செடிகளை ஒடுக்கும் ஒரு வேதிப்பொருளை இப்பாசி சுரக்கிறது. வியப்பு என்னவெனில், மோமிலாக்டோன் என்னும் அப்பொருள் முதன்முதல் கண்டறியப்பட்டது நெல்லின் உமியில்! நெல்லும் களைகளை ஒடுக்க அதையே பயன்படுத்துகிறது. அப்படியானால் நெல்லும் பாசியும் நெருங்கிய உறவோ? அன்று. 2020-இல் வெளியான ஆராய்ச்சி, இரண்டும் அப்பொருளை ஆக்கும் மரபணுத் தொகுதியைத் தனித்தனியே பெற்றன என்று காட்டிற்று. தோற்றத்தில் மட்டுமன்று, செயலிலும்கூட ஒற்றுமை வேறு, உறவு வேறு.

இத்தனையும் கேட்டபின், "பெயர் எதுவானால் என்ன? பாசி பாசிதானே?" என்று ஒருவர் வினவலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை டில்லியில் வாழும் நம் மூச்சிலேயே இருக்கிறது.

பாசிக்கு வேர் வழியே உணவு கிடைப்பது அருமை என்று கண்டோம். அது காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் வருவதையே ஏற்கிறது. காற்றில் கலந்த ஈயம், துத்தநாகம் முதலிய உலோகத் துகள்களையும் சேர்த்தே ஏற்றுத் தன் உடலில் தேக்கிக்கொள்கிறது. ஆகவே ஒரு கைப்பிடி பாசியைப் பறித்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தால், அவ்விடத்துக் காற்றில் எந்த உலோகம் எவ்வளவு படிந்து வந்தது என்பது தெரியும். விலையுயர்ந்த கருவிகளை மூலைமுடுக்கெல்லாம் நிறுவ வேண்டியதில்லை. பாசியே கணக்குப் பிள்ளையாய் எழுதி வைத்திருக்கிறது. 1960-களின் இறுதியில் சுவீடனில் இம்முறை தொடங்கிற்று. 1990 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஐரோப்பிய நாடுகள் பல ஒன்றுகூடி இக்கணக்கை எடுத்து வருகின்றன. அதற்குப் பயன்படும் சில பாசிகளுள் ஹிப்னம் குப்ரெஸ்ஸிஃபார்மேயும் ஒன்று. பாசியே வளராத நகரங்களிலும் அதனை வலைப்பையில் இட்டுத் தொங்கவிட்டுக் காற்றைச் சோதிக்கிறார்கள். நம் நாட்டிலும் குமாவுன், கார்வால் மலைகளில் பாசிகளைக் கொண்டு இத்தகைய சோதனைகள் நடந்துள்ளன.

இங்கேதான் பெயர் முக்கியமாகிறது. எல்லாப் பாசியும் உலோகத்தை ஒரே அளவில் தேக்குவதில்லை. ஓரிடத்தில் ஒரு சிற்றினத்தையும் மற்றோரிடத்தில் அதன் சாயலுடைய வேறொன்றையும் பறித்து, இரண்டும் ஒன்றென்று எண்ணி ஒப்பிட்டால், கணக்கு பொய்யாகிவிடும். கலப்பட எடைக்கல்லால் பொன் நிறுப்பது போன்றது அது. தூய்மை கெட்ட ஊரைத் தூயதென்றும், தூய ஊரைக் கெட்டதென்றும் சொல்லிவிடக்கூடும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் புகைமூட்டத்தில் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் டில்லி மக்களுக்கு, காற்றின் கணக்கு பொய்யாகலாகாது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. குமாவுன் மலைப் பெண்கள் ஹிப்னம் முதலிய பாசிகளைத் துணிப்பையில் திணித்துத் தலையில் வைத்து, அதன்மேல் நீர்க்குடத்தைச் சுமந்து வருவர். 'சிரோனா' என்று அதற்குப் பெயர். நம் ஊர்ச் சும்மாடேதான். ஆனால் ததும்பி வழியும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் சும்மாடு! மேற்கு இமயத்தில் ஆப்பிள் முதலிய பழங்களை நசுங்காமல் அனுப்பவும் பாசியை அடுக்குவதுண்டு. வீட்டுத் தேவைக்குச் சிறிதளவு எடுப்பதால் காடு குறைந்துவிடாது. ஆனால் தோட்டங்களுக்கும் பூந்தொட்டிகளுக்கும் விற்பதற்காகப் பாயோடு பாயாகச் சுரண்டி மூட்டை கட்டும்போது நிலைமை வேறு. மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல மண்ணுக்குத் தருவது அப்பாய். மரக்கன்றுக்குத் தொட்டிலாவதும் அதுவே. மூட்டையின்மேல் 'பாசி' என்ற ஒரே சொல் எழுதப்பட்டிருந்தால், அதனுள் எங்கும் கிடைப்பது எவ்வளவு, அரிதானது எவ்வளவு என்பதை யார் அறிவார்? பெயரில்லாதது அழிந்தால் கணக்கில் வருவதில்லை. அழிந்ததென்றே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இதை உணர்ந்து நம் நாட்டில் உழைத்தவர்கள் பலர். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் வாழ்ந்த ஃபோரோ பாதிரியார் பழனி மலைகளில் அலைந்து பாசிகளைச் சேகரித்து, 1961-இல் அவற்றின் பட்டியலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியிட்டார். நம் தமிழ்நாட்டு மலைப் பாசிகளை அறிய விரும்புவோருக்கு அது இன்றும் படிக்கல். கல்கத்தாவில் கங்குலி கீழ்நாட்டுப் பாசிகளைப் பற்றி 1969 முதல் 1980 வரை நூல்வரிசை வெளியிட்டார். சண்டிகரின் ஆர். எஸ். சோப்ரா இந்தியப் பாசிகளின் வகைப்பாட்டை எழுத, 1975-இல் அது இந்த டில்லியிலிருந்தே வெளியாயிற்று. டில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆர். என். சோப்ரா பாசிகளைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்து, அவற்றின் வளர்ச்சியை ஆராய்ந்து, பி. கே. கும்ராவுடன் சேர்ந்து 1988-இல் நூல் எழுதினார். இரு சோப்ராக்களின் நூல்களும் நூலகத்தில் அருகருகே இருக்கலாம்; குடும்பப் பெயர் ஒன்றென்பதால் இருவரையும் ஒருவராக எண்ணிவிடக் கூடாது. பாசியிடம் நாம் கற்கும் பாடம் மனிதரிடத்தும் பொருந்துகிறது!

இவ்வறிஞர்கள் எழுதிய காலத்தில் மரபணுச் சோதனை கைக்கு வரவில்லை. அவர்கள் ஹிப்னம் என்று எழுதியவற்றுள் சில இன்று வேறு பெயர் பெறலாம். அதனால் அவர்கள் உழைப்பு வீணாகிவிடவில்லை. அவர்கள் உலர்த்தித் தாளுறையில் மடித்து, பறித்த இடமும் நாளும் எழுதி வைத்த பாசிகள் இருப்பதனால்தான், இன்று ஒருவர் அவ்வுறையைத் திறந்து பெயரைத் திருத்த முடிகிறது. சேகரித்து வைத்தவரும் திருத்துபவரும் ஒரே வேலையின் இரு பகுதியைச் செய்கின்றனர். அறிவியலில் பெயர் மாறுவது நிலையின்மைக்கு அடையாளமன்று; முன்னிலும் நெருங்கிப் பார்த்தோம் என்பதற்கு அடையாளம்.

அடுத்த மழைக்கு மாடிச் சுவரில் பச்சை எழும்போது குழந்தை மீண்டும் கேட்கும். அப்பொழுது "பாசி" என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடாமல், ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் கொடுப்போம். தண்டு நிமிர்ந்து நிற்கிறதா, படர்ந்து ஊர்கிறதா? காம்பு உச்சியிலிருந்து எழுகிறதா, பக்கத்திலிருந்தா? இலைக்கு நடுநரம்பு உண்டா? இவற்றைக் குழந்தையே கண்டு சொல்லட்டும். கோடை விடுமுறையில் மலைக்குச் செல்லும்போது பாய்ப்பாசியைத் தொட்டுப் பார்த்து, பறிக்காமல் விட்டு வரட்டும். சமையலறையில் கல்பாசி டப்பாவைத் திறக்கும்போது, இது வேறு குலம் என்று நாமும் சொல்லி வைப்போம்.

தொலைவிலிருந்து பார்த்துப் பெயர் சொல்லிவிடுவது எளிது. அருகில் சென்று, குனிந்து, பொறுமையாய்ப் பார்த்து, இதன் உண்மை உறவு எது என்று கேட்பது அரிது. மற்றவர் நம்மிடம் அந்தப் பொறுமையைக் காட்ட வேண்டும் என்று இவ்வூரில் நாம் பலமுறை விரும்பியிருக்கிறோம். சுவரில் வளரும் சிறு செடிக்கும் அதே மரியாதையை நாம் அளிப்பது தகும்.